ஆக்டிவானந்தர் விற்ற உயிர் பிக்கப்

விருத்தாசலம் வட்டாரத்தில் கிட்டார் வைத்திருப்பவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் இரண்டு பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் கிட்டாருக்கு உயிர் கொடுக்கும் ஆக்டிவானந்த சுவாமிகள் ஜங்ஷன் ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் எழுந்தருளிய முதல் நாளே எண்ணூறு பேர் வரிசையில் நின்றார்கள். திட்டக்குடியிலிருந்து தனி வேன் வந்தது. நல்லூரிலிருந்து டிராக்டர் நிறைய ஆள் வந்து இறங்கியது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியலில் தன் ஜோடியைத் தேடி எடுத்தவர்களே அன்றைக்குப் பாதி ஞானம் அடைந்தவர்கள்.

ஊரெங்கும் போஸ்டர். "உங்கள் கிட்டாரில் இருப்பது செத்த பிக்கப்! உயிர் பிக்கப் வேண்டுமா? உங்கள் பிறந்த எண்ணுக்கு ஏற்ற பிக்கப்பைச் சுவாமிகளே தேர்ந்தெடுத்துத் தருகிறார்!"

எலக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளுக்குக் கீழே சின்னதாக ஒரு காந்தப் பெட்டி இருக்கும். கம்பி அதிர்வதைப் பிடித்து ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு அனுப்புவது அதன் வேலை. அதுதான் பிக்கப். அதில் ஒரு வகைக்குப் பேட்டரி உண்டு. உள்ளேயே சத்தத்தைக் கூட்டி, இரைச்சலைக் குறைத்து அனுப்பும். அதற்கு ஆக்டிவ் பிக்கப் என்று பெயர். இதுவரைக்கும் உண்மை. உண்மை இத்தோடு முடிந்தது. இதற்குமேல் வருவதெல்லாம் சுவாமிகள் அருளியது.

"ஆக்டிவ் என்றால் என்ன? உயிர்! பேட்டரி என்றால் என்ன? பிராணன்!" என்று மைக்கில் முழங்கினார் சுவாமிகள். "கிட்டாருக்குக் கம்பி எத்தனை? ஆறு. மனித உடம்பில் ஆதாரச் சக்கரங்கள் எத்தனை? ஆறு. ஆகவே கிட்டார் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நீங்களே கிட்டார்!"

கைதட்டலில் மண்டபத்துக் கூரை அதிர்ந்தது. தான் ஒரு கிட்டார் என்பது இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்றே என்று சிலர் கண்கலங்கினார்கள். கிட்டார் உள்ளவன் கிட்டாரில் மாட்டலாம். இல்லாதவன் இடுப்பில் கட்டலாம். நல்லூர் கொளஞ்சிநாதன் தன் டிராக்டரின் பானெட்டில் ஒன்றை ஒட்டிக்கொண்டு, டீசல் குறைவாகக் குடிப்பதாகச் சத்தியம் செய்தார். ஆராயி என்ற கிழவி முதுகுவலிக்கு ஒன்று, மருமகளின் வாய்க்கு ஒன்று என்று இரண்டு வாங்கினாள்.

ஒரு பிக்கப்பின் விலை நாலாயிரம். அமாவாசைக்கு அமாவாசை மாற்ற வேண்டிய மந்திரித்த பேட்டரி ஐநூறு. கடையில் அதே பேட்டரி முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் கடைக்காரன் மந்திரிக்க மாட்டான், சில்லறைதான் கேட்பான்.

இந்தக் கூட்டத்தில் போய் விழுந்தவர்களில் ஒருவர் கோதண்டபாணி. 'கானமலர்' இன்னிசைக் குழுவில் இருபத்திரண்டு வருஷமாகக் கிட்டார் வாசிக்கிறவர். அவர் மனைவி பாஞ்சாலை, தொழிற்பேட்டையில் ஒரு சின்ன செராமிக் கம்பெனியில் கிளேஸ் முக்கும் வேலை செய்பவள். காய்ந்த மண் சாமானை எடுத்து, மினுக்குப் பூச்சுத் தொட்டியில் முக்கி, சூளைக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி. பொம்மை, பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, எது வந்தாலும் அவள் விரல் படாமல் சூளைக்குள் போகாது.

கோதண்டபாணியின் கிட்டாருக்குச் சில மாதங்களாக ஒரு வியாதி. ஒயரைச் சொருகியதும் 'உர்ர்ர்' என்று ஒரு சத்தம். மேடை விளக்கைப் போட்டால் அது இன்னும் பெருகும். குழுவின் முதலாளி ராஜ்மோகன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "அண்ணே, அடுத்த கச்சேரி கம்மாபுரத்துல. அன்னிக்கும் இந்த உர்ருன்னா, கீபோர்டுலயே கிட்டார் சத்தத்த வாசிச்சிக்கிறோம். நீங்க வூட்ல ரெஸ்ட் எடுங்க."

மைக்செட் வைத்திருக்கும் ஹஸ்ஸான், "எங்கியாவது எர்த் ஒயரு விட்டிருக்கும். கொண்டாங்க, தொறந்து பாக்கலாம்" என்றார். அது ரொம்பச் சின்ன யோசனை. சின்ன யோசனைக்கு போஸ்டர் கிடையாது. அதனால் கோதண்டபாணி சுவாமிகளிடம் போனார்.

சுவாமிகள் உயரமான ஆசனத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் பட்டுத்துணி போர்த்திய ஸ்பீக்கர் பெட்டி. கோதண்டபாணியின் பிறந்த தேதியைக் கூட்டினார், கழித்தார், கண்ணை மூடினார்.

"உன் எண் ஐந்து. உனக்கு ஐந்தாம் நம்பர் உயிர் பிக்கப். ஒன்பதாம் நம்பர் மாட்டியிருந்தால் கை விளங்காமல் போயிருக்கும்."

கோதண்டபாணி தன் கையைப் பார்த்துக்கொண்டார். நல்லவேளை, விளங்கிற்று.

பழைய பிக்கப்பைச் சீடன் பழமலை கழற்றித் தாம்பாளத்தில் வைத்தான். "இது பிணம். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இங்கேயே விட்டுவிட வேண்டும்" என்றார் சுவாமிகள். அதன் இடத்தில் பளபளவென்று ஒரு கருப்புப் பெட்டி ஏறியது. இமயமலையில் மட்டும் விளையும் கருங்கல்லாம். நடுவில் சிவப்பாக ஒரு குட்டி விளக்கு. அதுதான் உயிர்ப்பொட்டு. பெட்டியைத் திறந்து பார்த்தால் கண் போய்விடும். வாசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மொத்தத்தில் சுவாமிகளின் சரக்குக்கும் மனிதக் கண்ணுக்கும் ஆகவே ஆகாது.

மண்டபத்தில் வாசித்துக் காட்டியபோது சத்தம் இரண்டு மடங்காக எழும்பியது. கோதண்டபாணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் வாசிப்பை நிறுத்தியதும் அதே 'உர்ர்ர்'.

"சாமி, அந்த உர்ருன்னு சத்தம் போகலீங்களே?"

சுவாமிகள் புன்னகைத்தார். "மகனே, நன்றாகக் கேள். அது உர் இல்லை. ஓம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கோதண்டபாணியும் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் உள்ள கலைஞர் கிடைத்த மகிழ்ச்சியில், சுவாமிகள் அவரையே தம் மேடை வாசிப்பாளராக நியமித்துவிட்டார்.

வீட்டில் பாஞ்சாலை அந்தக் கருப்புப் பெட்டியைத் தடவிப் பார்த்தாள். ஒரு ஓரத்தில் பூச்சு கொஞ்சம் திரண்டு வழிந்திருந்தது.

"என்னங்க, இது எங்க கம்பெனி சாமானு."

"வாயக் கழுவு. இமயமலைக் கல்லு."

"ஆடி மாசம் ஆர்டர் வந்துச்சு. சோப்பு டப்பா மூடின்னு சொன்னாங்க. ரெண்டாயிரம் உருப்படி, எல்லாத்தையும் நான்தான் கருப்பு கிளேஸ்ல முக்குனேன். தொட்டி கெட்டியா இருந்துச்சு, ஓரத்துல வழியுதுன்னு சூப்பர்வைசர் திட்டுனாரு. இதோ, வழிஞ்சிருக்குது பாருங்க."

"உலகத்துல கருப்பா இருக்கிறதெல்லாம் நீ முக்குனதா?" என்று கேட்டுவிட்டுக் கோதண்டபாணி கிட்டாருக்கு விபூதி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலையின் மகளிர் குழுக் கூட்டம். கானமலரின் கார்ட்லெஸ் மைக் அவர்கள் வீட்டில்தான் இருக்கும். எடுத்துப் பேசினால் சத்தமில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. வந்த பெண்கள் காத்திருந்தார்கள். பாஞ்சாலை சுற்றுமுற்றும் பார்த்தாள். கிட்டாரின் பின்பக்கத்து மூடியைத் திறந்து, மந்திரித்த பேட்டரியை உருவி மைக்கில் போட்டாள். மைக் பேசியது. அதில் வழக்கமான குரல்தான் வந்தது, தெய்வக்குரல் எதுவும் வரவில்லை. கூட்டம் முடிந்த அவசரத்தில் பேட்டரியைத் திருப்பி வைக்க மறந்துபோனாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது கோதண்டபாணி கூடத்தில் ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் சொருகி உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. மூடிய இமைக்குக் கீழே கண்ணீர் வழிந்தது. விரல்கள் கம்பிமேல் அப்படி இழைந்தன. அவர் இவ்வளவு நன்றாக வாசித்து அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. வாசல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"கேட்டியா பாஞ்சால? உயிரு பேசுது!" என்றார், கண்ணைத் திறக்காமல்.

பாஞ்சாலைக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பேட்டரி இன்னும் மைக்கில் இருக்கிறது. 'சொல்லலாமா, வேண்டாமா?' என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் அமாவாசைக்கு அமாவாசை இந்த மனுஷன் ஏமாந்துகொண்டே இருப்பார்.

"என்னங்க, கொஞ்சம் கண்ணத் தொறந்து பாருங்க."

"தொறக்கக் கூடாது."

"தொறங்க. ஒண்ணும் ஆகாது."

திறந்தார். சிவப்புப் பொட்டு எரியவில்லை. பின்பக்கத்தைத் திருப்பினார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். கிட்டார் கணீரென்று பேசியது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. பாஞ்சாலை ஹஸ்ஸானுக்குப் போன் போட்டாள்.

"ஹஸ்ஸான் அண்ணே, ஒரு சந்தேகம். அசல் ஆக்டிவ் பிக்கப்புல பேட்டரியக் கழட்டிட்டா என்ன ஆவும்?"

"சத்தமே வராதும்மா. அவ்வளவுதான். உள்ள இருக்கிற சர்க்யூட்டு ஓடுறதே பேட்டரியிலதான."

"கழட்டின பொறவும் பாடுதுன்னா?"

"பாடுதுன்னா அது ஆக்டிவே இல்ல. சாதா பிக்கப்பு. யாரோ நல்லா ஏமாத்தியிருக்கான்."

போனை வைத்துவிட்டு வந்தாள். கோதண்டபாணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அழுதேனே பாஞ்சால. கண்ணுல தண்ணி வந்துச்சே. அது பொய்யா?"

"அழுகை நெசந்தாங்க. நீங்க வாசிச்சீங்க பாருங்க, அதுக்கு வந்த அழுகை அது. அந்தச் சோப்பு டப்பா மூடிக்கு வந்தது இல்ல."

அவர் சுவரைவிட்டுத் திரும்பினார். "சோறு இருக்குதா?" என்று கேட்டார்.

அமாவாசை வந்தது. மகா பேட்டரி பூஜை. மண்டபத்தில் இரண்டாயிரம் பேர். மேடையில் பேட்டரிகளை லிங்க வடிவத்தில் அடுக்கி மாலை போட்டிருந்தார்கள். எல்லோரும் பழைய பேட்டரியைக் கழற்றி உண்டியல் மாதிரி ஒரு டிரம்மில் போட்டுவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் கோதண்டபாணியின் வாசிப்பு.

அவர் மேடையேறி வாசித்தார். கூட்டம் சொக்கியது. பாட்டு முடிந்ததும் சுவாமிகள் கையைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து முன்வரிசையிலிருந்து பாஞ்சாலை எழுந்தாள்.

"சாமி, ஒரு கேள்வி. பேட்டரிதான் உசுருங்களா?"

"சந்தேகம் என்ன தாயே? பேட்டரியே பிராணன்!"

"பேட்டரியக் கழட்டினா?"

"கிட்டார் பிணம்! மூச்சு வராது!"

"அத ஒருமுற கழட்டிக் காட்டச் சொல்லுங்க சாமி. நாங்களும் பாத்துக்கிறோம்."

சுவாமிகளின் முகத்தில் முதல் வேர்வைத் துளி எட்டிப் பார்த்தது. "சோதிப்பது பாவம்! யார் கழற்றுகிறார்களோ அவர்கள் கை..."

கோதண்டபாணி அதற்குள் கழற்றிவிட்டார். பேட்டரியை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார். கிட்டாரில் சிவப்புப் பொட்டு அணைந்தது. மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டது. அவர் கம்பியை மீட்டினார்.

கிட்டார் முன்னைப் போலவே பாடிற்று.

இந்த இடத்தில் கூட்டம் என்ன செய்திருக்க வேண்டும்? ஆனால் அது செய்தது என்ன தெரியுமா?

"ஐயோ! உசுரு போயும் பாடுதே!" என்று ஆராயி அலறினாள். "அற்புதம்! அற்புதம்!" என்று நாலு பேர் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். பாஞ்சாலை நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

சுவாமிகளுக்குப் போன தெம்பு திரும்பி வந்தது. "பார்த்தீர்களா! பக்தி முற்றிவிட்டால் பேட்டரியே தேவையில்லை!"

"ரொம்ப சந்தோஷம் சாமி" என்றாள் பாஞ்சாலை. "அப்ப யாரும் ஐநூறு ரூவா குடுத்துப் பேட்டரி வாங்க வேணாம். எல்லாரும் வூட்டுக்குப் போலாங்களா?"

விழுந்து கும்பிட்டவர்கள் தலையைத் தூக்கினார்கள். கடவுள், பிராணன், ஆதாரம் எதுவும் செய்யாத வேலையை ஐநூறு ரூபாய் செய்தது. மண்டபம் யோசிக்க ஆரம்பித்தது.

"இல்லை இல்லை, இவருக்கு மட்டும்தான் பக்தி முற்றியிருக்கிறது" என்றார் சுவாமிகள்.

"எனக்கா?" என்றார் கோதண்டபாணி. "வாங்கி பன்னெண்டு நாள்தான் சாமி ஆவுது. சரி, இன்னும் ஒண்ணு. காலை மேல தூக்கி சம்மணம் போட்டு உக்காருங்க. நான் மறுபடி வாசிக்கிறேன். எப்பவும் நான் உச்சத்துக்குப் போறப்ப உங்க கட்டை வெரலு அந்தப் பட்டுத்துணிக்குள்ள ஆடுது. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், அது ஏதோ முத்திரைன்னு நெனச்சேன்."

சுவாமிகள் அசையவில்லை. டிராக்டர் கொளஞ்சிநாதன் மேடையேறிப் பட்டுத்துணியை உருவினார். ஸ்பீக்கர் பெட்டியின் சத்தக் குமிழ் மேல் சுவாமிகளின் வலது காலின் கட்டைவிரல் பத்திரமாக இருந்தது. குமிழைச் சுற்றிச் சுற்றி விரலே காய்த்துப்போயிருந்தது. கொளஞ்சிநாதன் அந்தக் காலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன சாமி, எத்தனாவது ஆதாரம்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"காலை வுடுய்யா டேய்!" என்றார் சுவாமிகள். அத்தனை நாள் அவர் பேசிய இலக்கணத் தமிழ் அந்த ஒரு வாக்கியத்தில் சமாதி அடைந்தது.

"பொட்டியத் தொறங்க!" என்று கூட்டம் கத்தியது.

"திறந்தால் கண் போய்விடும்!" என்று கடைசி அஸ்திரத்தை விட்டான் பழமலை. முன்னால் வந்தவர்கள் பின்வாங்கினார்கள். பல பேர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள்.

"போனா என் கண்ணுதான?" என்று பாஞ்சாலை மேடையேறினாள். ஆராயியின் இடுப்பிலிருந்து ஒரு பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். பூஜைத் தட்டிலிருந்த தேங்காயால் ஓங்கி ஒரு போடு போட்டாள். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இமயமலை நாலாகப் பிளந்தது.

உள்ளே ஒரு உடைந்த தரை ஓட்டுத் துண்டு. அதைச் சுற்றிப் பஞ்சு. பேட்டரியிலிருந்து வந்த ஒயர் நேராகச் சிவப்பு விளக்குக்குப் போய் அங்கேயே முடிந்திருந்தது.

பாஞ்சாலை அந்தத் துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "நம்ம தொழிற்பேட்டை பின்னாடி மலை மாதிரி கொட்டிக் கெடக்குது பாருங்க, அந்த ஓடு. சும்மா எடுத்துக்கிட்டுப் போனாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. அத நாலாயிரம் குடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு நடக்கிறோம்."

அப்புறம் மண்டபமே தேங்காய் உடைத்தது. கிட்டார்க்காரர்களின் பெட்டிகளில் மட்டும் ஓடு இல்லை. அவற்றுக்குள் சாதாரணப் பழைய பிக்கப்புகள் இருந்தன. ஒருவனிடம் பிணம் என்று வாங்கி, கருப்புச் சட்டை மாட்டி, அடுத்தவனுக்கு உயிர் என்று விற்றிருக்கிறார். கம்மாபுரத்துக்காரர் பிணம் பெண்ணாடத்துக்காரர் கிட்டாரில் உயிரோடு இருந்தது. கோதண்டபாணி வாசித்து அழுதது நல்லூர் ஸ்கூல் வாத்தியாரின் பிணத்தில். பதினொரு பேரும் மேடையிலேயே உட்கார்ந்து அவரவர் பிணத்தை அடையாளம் கண்டு மாற்றிக்கொண்டார்கள்.

சுவாமிகள் சமையல்கட்டு வழியாகத் தப்பப் பார்த்தார். அன்னதானத்துக்கு நின்ற வரிசை, முந்த வருகிறார் என்று நினைத்து அவரைப் பிடித்துத் தள்ளிற்று. போலீஸ் வந்து ஜீப்பில் ஏற்றியது. "ஸ்ரீலஸ்ரீன்னே எழுதிக்கட்டுங்களா, இல்ல அப்பா வெச்ச பேரு ஏதாச்சும் இருக்குதா?" என்று ஏட்டு கேட்டது வாசல்வரை கேட்டது.

மறுநாள் ஹஸ்ஸான் கோதண்டபாணியின் கிட்டாரைத் திறந்தார். ஒயர் சொருகும் இடத்தில் எர்த் கம்பி விட்டுப்போயிருந்தது. ஒரு சொட்டு ஈயம் வைத்தார். இரண்டு நிமிஷ வேலை. ஓங்காரம் நின்றது.

"ஆக்டிவ் வாங்கணும்னா வாங்குங்க, நல்ல சாமானுதான்" என்றார் ஹஸ்ஸான். "ஆனா பொறந்த தேதிய வெச்சு வாங்காதீங்க. பேட்டரியோட ஒருதரம், இல்லாம ஒருதரம், காதால கேட்டு வாங்குங்க."

கம்மாபுரத்தில் கோதண்டபாணி ராத்திரி முழுக்க வாசித்தார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கிட்டார் ஊமையாக இருந்தது. ராஜ்மோகன் மைக்கில் அவர் பேரை இரண்டு தடவை சொன்னார். பாஞ்சாலை கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்த ஊரைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை எழுதியிருப்பேன். கச்சேரி முடிந்த மூன்றாம் நாள் காலையில் பாஞ்சாலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஆராயி நின்றிருந்தாள். கையில் தட்டு. தட்டில் எலுமிச்சம்பழம், கற்பூரம், நூற்றியொரு ரூபாய். அவளுக்குப் பின்னால் தெருமுனைவரை முப்பது பேர்.

"தாயி, உனக்கு ஞானக்கண்ணு இருக்குது. அவ்ளோ பெரிய சாமியாரையே கண்டுபுடிச்சிட்டியே! என் மருமவளுக்கு ஒரு வாக்கு சொல்லு தாயி."

பாஞ்சாலைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"எனக்கு ஒரு கண்ணும் இல்ல பெரியம்மா. அந்தாளு சொன்னப்ப நீங்கெல்லாம் கையத் தூக்கிக் கும்பிட்டீங்க. நான் 'எப்படி?'ன்னு ஒரு வார்த்த கேட்டேன். அவ்வளவுதான்."

ஆராயி குழம்பினாள். "அது எப்படி தாயி?"

"இதோ, இப்ப கேட்டீங்களே!" என்றாள் பாஞ்சாலை. "அடுத்து எவன் வந்தாலும் அவங்கிட்டயும் இதையே கேளுங்க."